குளியலறையை நகர்த்தும்போது அளவை செப்டிக் டேங்கிலிருந்து தொடங்குங்கள்: பத்தாங் பெர்ஜுந்தையில் ஒரு கேபின் வீடு

இந்த வேலை நடந்தது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தையில். 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டது, பலகையிலும் அதுதான் இருக்கிறது, ஆனால் எங்கள் ஆட்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. வீட்டுக்காரர் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். தோட்ட வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தபோது, அக்கா மகன் வீட்டுக்குப் பின்னால் இருந்த நிலத்தில் ஒரு பழைய கேபினை இறக்கி வைத்துக் குடிவந்துவிட்டார். சாலை போடும் இடங்களில் ஆபீஸாக வைத்திருப்பார்களே, அந்த இரும்புச் சட்டக் கேபின், 40 அடி நீளம், 10 அடி அகலம். கீழே சக்கரம் கிடையாது, கிரேன் லோரியில் வந்து கான்கிரீட் கல் மேல் உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்காவில் மொபைல் ஹோம் என்பார்களே, அதற்கு நம் ஊரில் கிட்டத்தட்ட ஈடு சொல்வதென்றால் இதுதான்.

ஆபீஸ் கேபினில் டாய்லெட் எப்போதும் ஒரு கோடியில் தனிக் கதவோடு இருக்கும். வேலை செய்யும் இடத்துக்கு அது சரி. ஆனால் பெரியவருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. படுக்கை மேற்குக் கோடியில், டாய்லெட் கிழக்குக் கோடியில், நடுவில் வரவேற்பறை, சமையல் இடம், அதையும் தாண்டி ஒரு படி இறங்கி, வெளிக்கதவு திறந்து, மறுபடி ஏற வேண்டும். இரவில் மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு டாய்லெட் போகும் நிலை. மகன் ஷா ஆலாமில் தொழிற்சாலையில் வேலை செய்கிறார், அவர்தான் கூப்பிட்டார். "பாத்ரூமை அப்பா படுக்கிற பக்கம் மாத்தணும்ணே, பைப் நீட்டினா போதும்தானே?" என்றார்.

நீட்டினால் போதும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நல்ல தண்ணீர்க் குழாயை நீட்டினால் போதும், அது அழுத்தத்தில் ஓடுவது, மேலே ஏறும், வளையும், எங்கே கூப்பிட்டாலும் வரும். கழிவு அப்படி வராது, அதற்குச் சரிவு ஒன்றுதான் பலம். அந்தச் சரிவு எங்கே முடிகிறதோ, அதாவது செப்டிக் டேங்கின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதுதான் குளியலறை எங்கே இருக்கலாம் என்று முடிவு செய்யும். படுக்கையிலிருந்து அளக்கக் கூடாது, டேங்கிலிருந்து பின்னோக்கி அளக்க வேண்டும்.

முதலில் பழைய நோய்

புதிய இடத்தைப் பார்ப்பதற்கு முன் பழைய டாய்லெட் ஏன் அடைத்துக்கொண்டே இருந்தது என்று பார்த்தேன். அது தெரியாமல் அதே டேங்கோடு புதுப் பைப்பைச் சேர்த்தால் நோயும் கூடவே வந்துவிடும். ஏற்கெனவே வந்து கம்பி விட்டு அடைப்பு எடுத்தவர்கள் டிஷ்யூ போடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். பெரியவர் வீட்டில் டிஷ்யூவே கிடையாது, தண்ணீர்தான். அவர் மனைவிக்கு இதில் ரொம்பக் கோபம். "நாங்க என்னமோ பேப்பர் தின்னு வளர்ந்த மாதிரி பேசறாங்க தம்பி" என்றார்.

டியூப் லெவல் பிடித்துப் பார்த்தோம். தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய், ஒரு முனை ஒரு மூலையில், மறு முனை மறு மூலையில், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். லேசர் கருவி இருந்தாலும் கேபினுக்கு அடியில் கல்லும் சட்டமும் மறைக்கும் இடத்தில் இந்தப் பழைய குழாய்தான் எனக்கு வசதி. மேற்குக் கோடியைவிடக் கிழக்குக் கோடி 40 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. ஏன் என்று கூரையைப் பார்த்ததும் புரிந்தது. டாய்லெட்டுக்கு நேர் மேலே, தகரக் கூரையின் மீது ஒரு சட்டம் போட்டு 400 லிட்டர் தண்ணீர்த் தாங்கியை வைத்திருந்தார்கள். நிறைந்தால் தண்ணீர் மட்டும் 400 கிலோ. இந்தப் பக்கம் மண் இறுகிய மண் இல்லை, ராஜா மூசா கரிமண் காட்டுக்குப் பக்கத்து ஊர், மேலே நன்றாகத் தெரிந்தாலும் அடியில் பஞ்சு மாதிரி அமுங்கும் இடங்கள் உண்டு. கல்லுக்கு அடியில் அகலமான பலகையோ ஸ்லாப்போ எதுவும் வைக்காமல் நேராக மண்ணில் உட்கார வைத்திருந்தார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். டாய்லெட் பவுலிலிருந்து டேங்குக்கு இரண்டரை மீட்டர். 4 இஞ்ச் கழிவுப் பைப்புக்கு நாற்பதுக்கு ஒன்று என்ற சரிவு, அதாவது மீட்டருக்கு 25 மில்லிமீட்டர், நாங்கள் வழக்கமாகப் பிடிப்பது. இரண்டரை மீட்டருக்கு 62 மில்லிமீட்டர் இறக்கம். போட்ட அன்று சரியாகத்தான் போட்டிருப்பார்கள் போல. பிறகு கேபின் 40 இறங்கியது, டேங்க் இறங்கவில்லை. மிச்சம் 22. அதாவது நூற்றுப் பத்துக்கு ஒன்றுக்கும் கீழே. தண்ணீர் மெல்ல நழுவிப் போய்விடும், கெட்டியானது வழியிலேயே தங்கிவிடும். அது போதாதென்று, பைப்பின் இரு முனையும் பசை போட்டு இறுக்கியிருந்ததால் டேங்கின் வாய்க்குப் பக்கத்தில் சாக்கெட் கீறிக் கசிந்துகொண்டிருந்தது. மண்ணைத் தோண்டியதும் வாடை சொல்லிவிட்டது.

தரையோடு சேர்த்துக் கட்டிய வீட்டில் இந்தப் பிரச்சினை இந்த அளவுக்கு வராது. கல் மேல் உட்கார்ந்த வீட்டில் வீடு ஒரு பக்கம், டேங்க் ஒரு பக்கம், இரண்டும் தனித்தனியாக நகரும். சரிவு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. எது அசைந்தாலும் சரிவுதான் அடிபடும்.

எங்கே வைப்பது

மகன் கேட்டது மேற்குக் கோடி, கட்டிலுக்கு அடுத்து. அளந்தோம். கேபினின் குறுக்குச் சட்டத்துக்கு அடிப்பக்கம் தரையிலிருந்து 400 மில்லிமீட்டர். பைப்பை அந்தச் சட்டங்களுக்குக் கீழேதான் கொண்டுபோக வேண்டும். சட்டத்தில் ஓட்டை போட்டுக் கொண்டுபோகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தரையும் சுவரும் கூரையும் நிற்பது அந்த இரும்பில்தான், 4 இஞ்ச் ஓட்டை போட்டால் பிறகு மிச்சம் என்ன இருக்கும். சரி, கீழேதான். தொங்கவிடும் இடைவெளி, பைப்பின் தடிமன் எல்லாம் கழித்தால் பைப்பின் உள் அடிமட்டம் தொடங்குவது தரையிலிருந்து சுமார் 270-இல். செப்டிக் டேங்கின் வாய் தரைக்கு மேலே 50-இல் இருந்தது. இது பலருக்கு வினோதமாகத் தெரியும், டேங்க் ஆழமாகத்தானே இருக்கும் என்று. இங்கே மண்ணுக்கடியில் தண்ணீர் மட்டம் உயரம். பிளாஸ்டிக் டேங்கை ஆழமாகப் புதைத்தால், காலியாகும் நேரத்தில் அடித்தண்ணீர் அதைப் படகு மாதிரி தூக்கிவிடும். அதனால் அதைப் பாதி புதைத்து, சுற்றிக் கான்கிரீட் போட்டுப் பிடித்திருந்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆக நமக்குக் கிடைக்கும் மொத்த இறக்கம் 220 மில்லிமீட்டர். மேற்குக் கோடியிலிருந்து டேங்குக்குப் பன்னிரண்டரை மீட்டர். நாற்பதுக்கு ஒன்று என்றால் 312 வேண்டும், இல்லை. அறுபதுக்கு ஒன்று என்று குறைத்தால் 208, தாளில் இடம் இருக்கிறது. மகன் அதைப் பிடித்துக்கொண்டார், "அறுபதுக்கு ஒண்ணு போதும்னு யூடியூப்ல சொல்றாங்களேண்ணே" என்று. போதும்தான், அசையாத வீட்டில். இங்கே மிச்சம் 12 மில்லிமீட்டர், ஒரு விரல் அகலம்கூட இல்லை. ஏற்கெனவே 40 மில்லிமீட்டர் இறங்கிக் காட்டிய மண்ணில் 12-ஐ நம்பிப் பைப் போட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு வழியும் பேசினோம். டாய்லெட் பவுலில் இரண்டு வகை இருக்கிறது. எஸ் டிராப் தரைக்குள் நேராக இறங்கும், பி டிராப் பின்பக்கமாகச் சுவருக்கு வெளியே போகும், அதன் வாய் தரையிலிருந்து 180 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். பி டிராப் போட்டால் பவுலுக்கு நிறைய உயரம் கிடைத்துவிடும். கேபினுக்கு எப்போதும் நான் பி டிராப்தான் சொல்வேன், தரையில் பெரிய ஓட்டை போட வேண்டாம், பைப் வெளியே கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும், கசிந்தால் உடனே தெரியும். ஆனால் குளிக்கிற தண்ணீர் எங்கே போவது? நம் குளியலறை முழுக்க நனைகிற அறை, தண்ணீர் தரையில்தான் விழும், அதை வாங்கி வெளியே விடும் ஃப்ளோர் டிராப் தரைக்குக் கீழேதான் இருக்கும். அதற்கு உயரம் வேண்டுமென்றால் குளியலறைத் தரையையே ஒரு படி உயர்த்த வேண்டும். முழங்கால் போனவருக்காக நகர்த்துகிற குளியலறைக்கு ஒரு படி! அந்த யோசனை அங்கேயே முடிந்தது.

பழைய தோட்ட வீடுகளில் குளிக்கிற தண்ணீரை லோங்காங்கில், அதாவது வெளி வடிகாலில், விட்டுவிடுவார்கள், டாய்லெட் மட்டும் டேங்குக்குப் போகும். இங்கே லோங்காங் அக்கா மகன் வீட்டுக்கு முன்னால், மேட்டுப் பக்கம். அந்த வழியும் இல்லை.

அதனால் நடு. வரவேற்பறையில் கொஞ்சம் எடுத்து, படுக்கை அறைச் சுவரை ஒட்டி ஐந்தடிக்கு ஆறடி. டேங்குக்கு 7 மீட்டர். நாற்பதுக்கு ஒன்றில் 175 போகும், 45 கையில் மிச்சம். படுக்கையிலிருந்து எழுந்தால் கை எட்டும் தூரத்தில் கதவு. எனக்கு இது போதும் என்று தோன்றியது. அந்த அம்மாவுக்குத்தான் தோன்றவில்லை. அந்தச் சுவரின் மறுபக்கம்தான் சாமி மேடை. டாய்லெட்டும் சாமியும் ஒரே சுவரா என்று கேட்டார். நியாயமான கேள்வி, இதற்கு டியூப் லெவலில் பதில் கிடையாது. பெரியவர் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் மகன்தான் சாமி மேடையைக் கிழக்குக் கோடிக்கு மாற்றித் தருகிறேன், ஜன்னல் பக்கம் காலை வெயில் விழும் என்றார். வெயில் விழும் என்றதும் அம்மா இறங்கி வந்தார். இந்தப் பேச்சு முடியாமல் சுவரில் கை வைக்காதீர்கள் என்று பைப் வேலைக்கு வரும் பையன்களுக்கு நான் சொல்வதுண்டு, பாதியில் சாமியைக் கேட்டால் முழு வேலையும் நின்றுவிடும்.

அடியில் செய்த வேலை

முதல் வேலை பைப் இல்லை, ஜேக். கூரைத் தாங்கியை வடித்து இறக்கினோம். பிறகு போட்டல் ஜேக் வைத்துக் கிழக்குக் கோடியை ஒவ்வொரு தாங்கலாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினோம். ஒரே மூச்சில் ஒரு மூலையைத் தூக்கினால் சுவர்ப் பலகைகள் சேருமிடம் பிளந்து, ஜன்னல் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு கல்லுக்கும் அடியில் இரண்டடி சதுரக் கான்கிரீட் ஸ்லாப், எடை பரவட்டும் என்று. புதுக் குளியலறைக்கு நேர் கீழே கூடுதலாக இரண்டு தாங்கல். காரணம், ஐந்தடிக்கு ஆறடி தரையில் 50 மில்லிமீட்டர் சிமெண்ட் பூசினால் அதுவே கால் டன்னைத் தாண்டிவிடும், அதற்கு மேல் ஓடு, பவுல், ஆள்.

புதுத் தாங்கியை வெளியே மூன்று மீட்டர் உயர இரும்பு நாற்காலியில் ஏற்றினோம், அதற்குத் தனி அடித்தளம். சிலாங்கூரில் தண்ணீர் வெட்டு எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும், தாங்கி இல்லாமல் இருக்க முடியாது. ஆனால் அதைக் கேபின் தலையில் வைக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. மூன்று மீட்டர் உயரம் என்றால் அழுத்தம் ஏறக்குறைய 0.3 பார்தான், அது ஷவருக்குக் கஞ்சத்தனமாகத்தான் வரும். அதனால் பம்ப் உள்ள வாட்டர் ஹீட்டர்.

கழிவுப் பைப்புக்கு வருவோம். 110 மில்லிமீட்டர் யூபிவிசி, குறுக்குச் சட்டத்திலிருந்து மீட்டருக்கு ஒரு இரும்புப் பட்டை வைத்துத் தொங்கவிட்டோம். பட்டை ஒவ்வொன்றிலும் நட்டு இருக்கிறது, பிற்பாடு கல் இறங்கினால் நட்டைத் திருகிச் சரிவைத் திருத்திக்கொள்ளலாம். மண்ணில் கல் அடுக்கிப் பைப்பைத் தாங்குபவர்கள் இருக்கிறார்கள், அப்படிச் செய்தால் வீடு, டேங்க் போதாதென்று பைப்பும் தனியாக நகர ஆரம்பித்துவிடும். திரும்பும் இடத்தில் 90 டிகிரி எல்போ ஒன்றுக்குப் பதில் 45 டிகிரி இரண்டு. நீளமான ஓட்டத்தின் தலையிலும் திருப்பத்திலும் திறந்து பார்க்கும் மூடி, அதுவும் ஆள் குனிந்து கையை விட முடிகிற பக்கமாகப் பார்த்து வைத்தோம். பின்னால் அடைப்பு எடுக்க வருபவர் கேபினுக்கு அடியில் படுத்து ஊர்ந்து வர வேண்டியதில்லை.

டேங்குக்குள் நுழையும் இடத்தில்தான் நான் அதிகம் நேரம் செலவழித்தேன். பசை போடவில்லை. ரப்பர் வளையம் உள்ள சாக்கெட், அதற்கு முன்னால் ஒரு ரப்பர் இணைப்பு, இரண்டு பக்கமும் துருப்பிடிக்காத கிளிப். இவை இரண்டும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், பைப் உள்ளே வெளியே சில மில்லிமீட்டர் போய் வரவும் விடும். பழைய வேலையில் கீறிப்போன இடம் இதுதான். நல்ல தண்ணீருக்கும் இதே யோசனை. மீட்டரிலிருந்து வரும் கருப்புப் பாலி பைப்பை நேராக இழுத்துக் கேபினில் முடுக்காமல், பெரிய வளையமாக ஒரு சுற்று விட்டுத்தான் சேர்த்தோம். கேபின் இறங்கினால் வளையம் கொடுக்கும், இணைப்பு பிடுங்காது.

அடுத்து காற்று. பழைய டாய்லெட்டில் ஃப்ளஷ் இழுத்தால் ஃப்ளோர் டிராப் களுக் களுக் என்று சத்தம் போடும், கொஞ்ச நேரத்தில் வாடை வரும். அந்தச் சத்தம் கேட்டாலே காற்றுக் குழாய் இல்லை என்று சொல்லிவிடலாம். பவுலிலிருந்து மொத்தமாகத் தண்ணீர் இறங்கும்போது பின்னால் காற்று வேண்டும், வழி இல்லையென்றால் பக்கத்து டிராப்பில் நிற்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு காற்று உள்ளே வரும். அந்த டிராப்பில் நிற்பது 50 மில்லிமீட்டர் தண்ணீர்தான், டேங்கின் வாடைக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கும் கதவு அது ஒன்றுதான். இந்த முறை பவுலுக்கும் ஃப்ளோர் டிராப்புக்கும் பக்கத்திலிருந்து 2 இஞ்ச் பைப்பை வெளிச்சுவரோடு மேலே ஏற்றிக் கூரைக்கு மேல் விட்டோம். உச்சியில் கொசுவலை மூடி, டெங்கிக் காலத்தில் டேங்குக்குக் கொசு இறங்க வழி வைக்கக் கூடாது. கழிவுப் பைப்பில் மேலே ஏறிப் போகிறது இது ஒன்றுதான், அதனாலேயே வேலை தெரியாதவர் கண்ணில் இது படுவதில்லை.

அமெரிக்க வீடியோவைப் பற்றி

மகன் நிறைய வீடியோ பார்த்துவிட்டு வந்திருந்தார், அதில் தப்பில்லை, பாதி கேள்விகள் நல்ல கேள்விகள். ஆனால் அந்த ஊர் மொபைல் ஹோம் வேறு பிறவி. அங்கே 1976 ஜூன் 15-க்குப் பிறகு தொழிற்சாலையில் செய்யும் வீடுகளுக்கு ஹட் என்ற மத்தியத் துறையின் விதி இருக்கிறது. தண்ணீர்ப் பைப்பை வீட்டின் அடிவயிற்றுக்குள், பஞ்சுக்கு நடுவில், கீழே ஒரு திரை போட்டு மூடி வைத்திருப்பார்கள். ஏனென்றால் அவர்களுக்கு எதிரி பனி, பைப்புக்குள் தண்ணீர் உறைந்தால் பைப் வெடிக்கும். குளியலறையை நகர்த்துவதென்றால் அந்தத் திரையைக் கிழித்து, பஞ்சை விலக்கி, திரும்ப ஒட்டி மூட வேண்டும், வீடியோவில் பாதி நேரம் அதற்கே போகும். இன்னொன்று, 1978 முதல் 1995 வரை அங்கே பாலிபியூட்டிலீன் என்ற சாம்பல் நிறப் பைப்பை நிறைய வீடுகளில் போட்டார்கள், மொபைல் ஹோமிலும்தான். தண்ணீரில் உள்ள குளோரின் அதை உள்ளிருந்து அரித்து இணைப்புகள் விட்டுப்போய், வழக்காகி, 1995-இல் 950 மில்லியன் டாலர் இழப்பீட்டு ஏற்பாடு வரைக்கும் போனது. அதனால் அந்த வீடியோக்களில் குளியலறையை நகர்த்துகிற சாக்கில் வீடு முழுக்கப் பைப் மாற்றுகிறார்கள். அவர்களுக்கு அது அவசியம்.

நமக்குப் பனி இல்லை, வெயில் இருக்கிறது. அடிவயிற்றில் மூட வேண்டியதில்லை, மூடாமல் இருப்பதே நல்லது, ஆனால் வெளிச்சுவரில் வெயில் படும்படி போகிற பைப் நாளடைவில் வெளுத்துப் பொடியாகி உடையும். கேபினுக்கு அடியில் நிழல், அங்கே பயமில்லை. வெளியே ஏறுகிற பாகத்துக்கு மட்டும் பெயிண்ட் அடித்தோம்.

வீட்டுக்குள் பழைய இரும்புப் பைப் இருந்தது, அறுத்துப் பார்த்தால் உள்ளே துருவால் பாதி வழி அடைத்திருந்தது. மொத்தமாக எடுத்துவிட்டு பிபிஆர் பைப் போட்டோம். இது சூட்டில் ஒட்டுவது, கருவியை 260 டிகிரிக்கு ஏற்றி, 20 மில்லிமீட்டர் பைப் என்றால் 5 விநாடி, 25 என்றால் 7 விநாடி சுடவைத்துச் செருக வேண்டும். செருகும்போது திருகக் கூடாது. கூடுதல் நேரம் சுட்டால் உள்ளே பிளாஸ்டிக் பிதுங்கித் துளையை அடைத்துவிடும், வெளியே பார்க்க அழகாக இருக்கும், தண்ணீர் வராது. பவுல், பேசின், ஹீட்டர் ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு.

ஹீட்டர் மின்சாரத்தை நான் தொடவில்லை, லைசென்ஸ் உள்ள வயர்மேன் வந்து 10 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே துண்டித்துவிடும் பிரேக்கர் போட்டு, கேபினின் இரும்புச் சட்டத்தையும் எர்த்தில் சேர்த்தார். இரும்பு வீட்டில் ஈரமான அறை, இதில் விளையாடக் கூடாது.

சுவரும் தரையும்

பைப் வேலை எழுதுகிற இடத்தில் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் காசு போனது இங்கேதான். கேபின் சுவர் இரண்டு மெல்லிய தகடு, நடுவில் வெள்ளைத் தெர்மக்கோல். அதில் ஸ்க்ரூ நிற்காது. பெரியவர் எழுந்து நிற்கப் பிடிக்கும் கம்பி அந்தத் தகட்டில் இருந்தால், ஒரு நாள் கம்பியும் அவரும் சேர்ந்து விழுவார்கள். அதனால் சுவர் போடும் முன்பே தரையிலிருந்து கூரைச் சட்டம் வரை இரும்புக் குழாய்ச் சட்டம் நிறுத்தி, கம்பியை அதில் பற்றவைத்துவிட்டோம். உயரத்தைப் பெரியவரை உட்கார வைத்து, எழச் சொல்லி, அவர் கை இயல்பாகப் போன இடத்தில் குறித்தோம். அது நான் நினைத்ததைவிடத் தாழ்வு. லோரியில் ஏறி இறங்கிப் பழகிய கை, பக்கவாட்டில் தேடாமல் முன்னால் தேடியது. அதனால் கம்பியும் முன்பக்கம் சாய்வாக வந்தது.

பழைய குளியலறைத் தரைப் பலகை ஃப்ளோர் டிராப்பைச் சுற்றி உளுத்திருந்தது, விரலால் கிள்ளினால் வந்தது. புதியதில் ப்ளைவுட் வேண்டாம் என்று சிமெண்ட் போர்டு, அதன் மேல் நீர் புகாத பூச்சு இரண்டு தடவை, சுவரில் ஒரு சாண் உயரத்துக்கு ஏற்றி, ஷவர் பக்கம் ஆள் உயரத்துக்கு. அப்புறம் சொரசொரப்பான ஓடு. இரும்புச் சட்டம் காற்றில் கொஞ்சம் அசையும், அதனால் சுவரும் தரையும் சேருகிற மூலையில் சிமெண்ட் பூசாமல் சிலிக்கோன். சிமெண்ட் அங்கே கண்டிப்பாகக் கீறும்.

சோதனை

ஓடு போடுவதற்கு முன்பே சோதித்தோம், பிறகு சோதித்து என்ன பயன். கழிவுப் பைப்பின் டேங்க் முனையைக் காற்றுப் பந்தால் அடைத்து, ஃப்ளோர் டிராப் வாய் வரை தண்ணீர் நிரப்பி, மட்டத்தில் பென்சில் கோடு போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். திரும்பி வந்தபோது கோடு தண்ணீரோடு இருந்தது. நல்ல தண்ணீருக்குக் கை பம்பில் வழக்கமான அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றி வைத்தோம், ஹீட்டர் இணைப்புக்குப் போகிற ஒரு திருகு மட்டும் வியர்த்தது, மறுபடி டேப் சுற்றி இறுக்கியதும் நின்றது. கடைசியாக பவுலில் ஃப்ளஷ் இழுத்துக்கொண்டே ஃப்ளோர் டிராப்பைப் பார்த்தோம். தண்ணீர் லேசாக ஆடியது, சத்தம் இல்லை.

டேங்கை லாரி வரவழைத்து உறிஞ்சச் சொன்னது மழை இல்லாத நாளில், உறிஞ்சிய கையோடு தண்ணீர் நிரப்பச் சொன்னோம், மேலே சொன்ன மிதக்கிற காரணத்துக்காகத்தான். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கழிவு எடுக்கச் சொல்கிறது கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டர். இங்கே எத்தனை காலமாக எடுக்கவில்லை என்று வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

பழைய குளியலறையின் பைப்பை வெட்டி, டேங்குப் பக்கத்து வாயைப் பசை போட்டு மூடினோம். வெறுமனே துணி அடைத்துவிட்டுப் போகிற வழக்கம் இருக்கிறது, அதில் டிராப் தண்ணீர் காய்ந்ததும் வாடையும் கரப்பானும் அதன் வழியாக வரும். அதேபோலப் பழைய குழாய்க்குப் போன நல்ல தண்ணீர்ப் பைப்பையும் அது பிரிகிற டீ இணைப்பு வரைக்கும் வெட்டி எடுத்தோம், யாரும் திறக்காத முட்டுச் சந்தில் தண்ணீர் தேங்கிக் கிடக்க வேண்டாம்.

ஆண்டுக் கடைசி மழை ஓய்ந்த பிறகு போய் மறுபடி டியூப் லெவல் பிடித்தேன். நடுவில் புதிதாக வைத்த தாங்கலில் ஒன்று 8 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது, மற்றதெல்லாம் அப்படியே. பட்டையின் நட்டுகளைத் திருகிச் சரிவை நேராக்க அதிக நேரம் ஆகவில்லை. ரப்பர் இணைப்பு கொஞ்சம் வளைந்து நின்றது, கசிவு இல்லை. பெரியவரிடம் அந்த நட்டு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று காட்டினேன், லோரி நட்டுகள் திருகிய கை, உடனே புரிந்துகொண்டார். மகன் இப்போது சமையல் சிங்க்கையும் இதே பைப்பில் சேர்க்கலாமா என்று கேட்கிறார். எண்ணெய்ப் பிசுக்கு இந்தச் சரிவில் படிந்துவிடும், அதற்கு முன்னால் கொழுப்புத் தொட்டி ஒன்று வேண்டும், சிங்க்குக்கு அடியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.